மேலமுத்தூர் லேசுகள்

மேலமுத்தூரில் லேசுகள் நடமாடத் தொடங்கிய தை மாதத்துக்கு முன்னால், அந்த ஊரில் ஒரு கல்யாணம் நடந்தால் மணமக்கள் முதல் பிள்ளையைத் தொட்டிலில் போடும் சமயத்தில்தான் கல்யாண வீடியோ கைக்கு வரும் என்பதை எல்லோரும் ஒரு வழக்கமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஊரில் வீடியோ எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் மந்திரமூர்த்தி ஒருவர்தான். அவரிடம் இருந்த பழைய கம்ப்யூட்டரோ தாலி கட்டும் இடத்துக்கு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நிற்க, திரையின் நடுவில் சின்ன வளையம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்க, மந்திரமூர்த்தி எழுந்து வாசலுக்குப் போவார், திரும்புவார், வளையம் நிற்கவில்லை என்று பார்த்து மறுபடியும் போவார். ஐம்பத்து நான்கு வயதில் அவர் நடந்த தூரத்தில் பாதி இப்படி நாற்காலிக்கும் வாசலுக்கும் இடையில் நடந்ததுதான் என்று அவருடைய மனைவி உலகம்மாள் சொல்வாள்.

புது லேப்டாப்பைத் தென்காசியிலிருந்து ஜெரால்டு கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தான். நாற்பது வயதுக்காரன், மெஷின்களிடம் நல்ல பொறுமை, மனிதர்களிடம் சுமார்.

"அண்ணாச்சி, ஒரே ரூம்ல சமைச்சு, அங்கயே குளிச்சு, அங்கயே படுத்தா மனுசனுக்கே திணறும். மிஷினுக்குத் திணறாதா?" என்றபடி அவன் வேலையைப் பிரித்தான். லேப்டாப் ஓடுவதற்கு உள்ளே ஒரு டிஸ்க். எடுத்த படங்களுக்கென்று வேகமான வெளி டிஸ்க் ஒன்று. வேலை நடக்கும்போது மெஷின் எடுத்துப் போட்டுப் புழங்குவதற்கு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மறுபிரதி வைத்து பீரோவில் பூட்டுவதற்கு நான்காவதாக ஒன்று. அடியில் காற்றுப் போக லேப்டாப்பை இரண்டு மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்தான். பிறகுதான் முக்கியமான சங்கதிக்கு வந்தான்.

"பெரிய படத்தை நேரா வெட்டாதீய. ஒவ்வொண்ணுக்கும் சின்னதா, லேசா ஒரு நகல் போட்டுக்கிடுங்க. வெட்டுறது ஒட்டுறது எல்லாம் நகல்ல. முடிஞ்ச பொறவு ஒரு அமுக்கு அமுக்குனா ஒரிஜினல் வந்து அந்தந்த எடத்துல உக்காந்துக்கிடும். வெண்ணெ மாதிரி ஓடும், பாத்துக்கிடுங்க." நகல்களுக்கென்று ஒரு ஃபோல்டர் திறந்து, யோசிக்காமல் 'லேசு' என்று பெயர் அடித்தான்.

மந்திரமூர்த்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இனிமே எதையும் அழிக்க வேண்டாம்லா?"

"நீங்க இருக்கிற வரைக்கும் வேண்டாம்."

அவர் தலையசைத்தார். அந்தக் கேள்விக்கு ஆறு வருடமாக அவர் வீட்டில் ஒரு காரணம் உட்கார்ந்திருந்தது. உலகம்மாளின் அண்ணன் சடையப்பன் புதுவீடு பால்காய்ச்சியபோது வீடியோ எடுத்தது மந்திரமூர்த்திதான். சடையப்பனின் மனைவி பேராச்சி அன்றைக்கு ஒரு இடத்தில் நிற்கவில்லை. குடம் தூக்கினாள், ஓடினாள், ஏசினாள், பரிமாறினாள். நாற்பது நிமிடப் படத்தில் அவள் இருந்தாள், ஆனால் எல்லாம் ஆட்டம், எல்லாம் மங்கல், ஓரத்தில் பாதி உடம்பு. முடித்துக் கொடுத்த வீடியோவில் நான்கு விநாடி மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார். அடுத்த வாரம் ஒரு காதுகுத்துக்கு டிஸ்கில் இடம் போதவில்லை. வெட்டியதை அழித்தார். பதினோரு மாதம் கழித்து மூன்று நாள் காய்ச்சலில் பேராச்சி போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த மறுநாள் சடையப்பன் வந்து, அவள் நடமாடுவது இருந்தால் கொடும் மாப்ளே என்று கேட்டபோது, "நாப்பது நிமிசம் இருந்துச்சு, அழிச்சிட்டேன் மச்சான். எடம் இல்ல" என்றுதான் சொல்ல முடிந்தது. சடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அந்தக் கல்யாணத்திலும் இந்தச் சடங்கிலும் எதிரே பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

புது லேப்டாப்பில் மந்திரமூர்த்தி முதலில் போட்டது ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணம். திங்கட்கிழமை பகல் முழுக்க மெஷின் நகல் போட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் கந்தையா வழக்கம்போல டீக்கடைக்கு வந்தபோது, அங்கே பெஞ்சில் கந்தையா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கும்பிட்ட கை. இடதுபக்கம் திரும்பி ஒரு சிரிப்பு, வலதுபக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. உருவம் கொஞ்சம் கலங்கலாக, ஓரங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கரைந்து, பின்னால் இருந்த பிஸ்கட் ஜாடி தெரிகிற அளவுக்கு லேசாக இருந்தது. வந்த கந்தையா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"சார், ரெண்டு டீயா?" என்றார் கடைக்காரர்.

"அது குடிக்காது. ஒண்ணு போதும்."

மத்தியானத்துக்குள் ரைஸ்மில் கல்யாணத்துக்கு வந்த இருநூற்றுப் பதினெட்டுப் பேரின் லேசுகளும் தெருவுக்கு வந்துவிட்டன. யாரும் கூச்சல் போடவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. வீடியோவில் செய்ததை மட்டுமே அவை செய்தன: கும்பிட்டவை கும்பிட்டன, அட்சதை போட்டவை காற்றில் அட்சதை போட்டன, சாப்பிட்டவை எங்கே உட்கார்ந்தாலும் வாய்க்குக் கை கொண்டுபோயின. கையைப் பிடித்து அழைத்தால் வராது. பேர் சொல்லி இந்த இடத்துக்குப் போ என்றால் போகும், இரு என்றால் இருக்கும். அன்று சாயங்காலம் பாகம்பிரியாள் டீச்சர், நான்கு தெரு தள்ளி ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியிருந்தபோது, கால் வீங்கியிருக்கிறது என்று தன்னுடைய லேசை அனுப்பிப் பார்த்தாள். அது போய் முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டுத் திரும்பியது. மறுநாள் அந்த வீட்டம்மா தெருவில் டீச்சரைப் பார்த்து, "டீச்சர், நேத்து வந்ததுல ரொம்ப சந்தோசம்" என்றாள். அதோடு ஊருக்கு வழி தெரிந்துவிட்டது.

மேலமுத்தூரில் தலைகாட்டுவதுதான் பாதி வாழ்க்கை. ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு நாம் தலைகாட்டினால்தான் நம் வீட்டுக்கு அவர் தலைகாட்டுவார். காட்டாவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு. அந்தச் சுமையை லேசுகள் தோள்மாற்றிக்கொண்டன. தை முகூர்த்தங்களுக்கு லேசுகள் போயின, மாசியில் கோயில் கொடைக்கு லேசுகள் போயின. லேசை அனுப்பிய வீட்டுக்கு லேசைத் திருப்பி அனுப்பினால் போதும் என்று யாரும் கூடிப் பேசாமலே ஒரு முறை வந்துவிட்டது. துக்க வீட்டுக்கும் அனுப்பினார்கள். கல்யாணத்தில் எடுத்த முகம் என்பதால் அவை பிணத்தின் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்தன, முதல் இரண்டு சாவுகளில் சங்கடமாகத்தான் இருந்தது, மூன்றாவது சாவில் "சிரிச்சாலும் வந்தாவள்லா" என்று வீட்டார் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். பிறகு ஆட்கள் மந்திரமூர்த்தியிடமே வந்துவிட்டார்கள். "அண்ணாச்சி, எனக்கு ஒரு துக்க மொகம் எடுத்துருங்க. ரொம்ப அழுவாண்டாம், அளவா இருக்கட்டும்." "எனக்கு ரேஷன் கடையில நிக்கிற மாதிரி ஒண்ணு." கோயில் கமிட்டி கூடி, லேசுகள் தேர்வடம் தொடலாம், ஆனால் வடம் அவற்றின் கைக்குள் புகுந்து போவதால் இழுத்ததாகக் கணக்கில்லை என்று முடிவு செய்தது. சமைக்கிற தவசிப்பிள்ளைகளுக்கு மட்டும் மனக்குறை. போட்ட இலை போட்டபடி இருந்தது, சாம்பாரில் உப்பு ஏறிப்போச்சு என்று சொல்லக்கூட நாதியில்லை.

ஊரில் லேசு இல்லாத ஒரே ஆள் மந்திரமூர்த்தி. கேமராவுக்குப் பின்னால் நிற்பவன் படத்தில் விழ மாட்டான். அதனால் எல்லா வீட்டுக்கும் அவர் ஒருவர் உடம்போடு போக வேண்டியிருந்தது. மண்டபம் நிறைய லேசுகள் உட்கார்ந்திருக்க, அவற்றைப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து அவற்றுக்கு நகல் போட, நகலின் நகல்கள் தெருவுக்கு வந்தன. அவற்றில் மூக்கும் வாயும் ஒன்றாகிவிட்டிருந்தன. அதற்கடுத்த முறை வந்தவை வெறும் கும்பிட்ட கைகளும் கொஞ்சம் பட்டு நிறமும்தான். ஊர் அவற்றையும் ஏற்றுக்கொண்டது. வெட்டு வேலை வெண்ணெயாக ஓடியது. வளையம் சுற்றவில்லை, படம் எங்கும் நிற்கவில்லை, முன்பு பத்து மாதம் எடுத்தது மூன்று நாளில் முடிந்தது. ஆனால் அவருடைய கால்கள் நிற்கவில்லை. இப்போது தடங்கலே இல்லாமல், காரணமே இல்லாமல், எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பினார், மறுபடி போனார். தடங்கியபோது தான் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். அந்தரத்தில் நின்ற அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோமோ? இப்போது எதையும் பார்க்கவே நேரம் வருவதில்லையோ? பதில் வருவதற்குள் அடுத்த கல்யாணம் முடிந்துவிடும்.

இப்படி இருக்கும்போது அவருடைய ஒரே மகள் கௌசிகாவுக்கு வைகாசி பதினாறில் முகூர்த்தம் குறித்தார்கள். பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம், "லேசை அனுப்பிருதேன் அண்ணாச்சி, மொத வரிசையில போடுங்க" என்றார்கள். மந்திரமூர்த்திக்கு அதில் வருத்தம் சொல்ல வாயில்லை, செய்துவைத்தவரே அவர்தான். மாப்பிள்ளை வீட்டாரும் பரவாயில்லை என்றார்கள். ஒரு ஆள் விஷயம் மட்டும் அப்படித் தீரவில்லை. பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தால்தான் அந்த வீட்டில் கல்யாணம். தாய்மாமன் சடையப்பன்.

உலகம்மாள் அண்ணனின் கடைக்குப் போனாள். அவர் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

"நான் எதுக்கு தாயி? என் லேசுதான் உங்க வீட்டுல இருக்கே."

உண்மைதான். ரைஸ்மில் கல்யாணத்தில், கேமரா தன் பக்கம் வருவதைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட மூன்று விநாடி படத்தில் விழுந்திருந்தது. அந்த லேசு யாரும் கூப்பிடாமலே வந்து தங்கை வீட்டு நடையில் நின்றது. யார் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது.

"உன் புருஷன்ட்ட நான் மொகத்தத் திருப்புன மூணு செகண்டு பத்திரமா இருக்கு," என்றார் சடையப்பன். "அவ நாப்பது நிமிசத்துக்குத்தான் எடமில்லாமப் போச்சு."

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் உலகம்மாள் ஒரு காரியம் செய்து பார்த்தாள். கௌசிகாவை மனையில் உட்காரவைத்து, அந்த லேசைக் கூப்பிட்டு, அதன் கையில் மாலையை வைத்தாள். மாலை கைக்குள் புகுந்து தரையில் விழுந்தது. லேசு கௌசிகாவைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி பார்த்தது, மறுபடி திருப்பிக்கொண்டது. கௌசிகா சிரிக்கப் பார்த்து, முடியாமல், எழுந்து உள்ளே போனாள்.

உலகம்மாள் மாலையைப் பொறுக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னாள். "ஊரே நெழலா வரட்டும், நான் ஒண்ணும் சொல்லல. எங்கண்ணன் நெசமா வரணும். வராட்டா எம்புள்ள மணவறைக்குத் தனியா நடந்து போவா. அதை நீங்க கேமரா வழியாப் பாத்துக்கிட்டு நிப்பிய."

"நான் என்னத்தச் சொல்லிக் கூப்பிடுவேன் உலகு? அழிச்சது அழிச்சதுதான்."

"அது எனக்குத் தெரியாது. நீங்கதான் போவணும். உங்களுக்குத்தான் லேசு கெடையாதே."

அன்று முழுவதும் அவர் போகவில்லை. மண்டபத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார், பந்தல்காரரோடு சண்டை போட்டார், சரியாக இருந்த லைட்டை மூன்று முறை மாற்றி வைத்தார். மன்னிப்புக் கேட்கலாமா? ஆறு வருடத்தில் மன்னிப்பு ஊசிப்போயிருக்கும். இடமில்லாமல்தானே அழித்தேன், பகையாலா அழித்தேன் என்று கேட்கலாமா? அது உண்மை, ஆனால் அதைச் சொன்னால் அவமானம் எனக்கா, பேராச்சிக்கா? ஒரு காதுகுத்தைவிட அவளுக்கு இடம் குறைச்சல் என்றுதானே அன்றைக்குத் தீர்மானித்தோம்?

கல்யாணத்தன்று விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தார். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. சடையப்பன் கடையைத் திறந்து, சட்டை இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டாரின் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மந்திரமூர்த்தியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய லேசு செய்வதைவிட இது மெதுவாகவும் கனமாகவும் இருந்தது.

"மச்சான், கூப்பிட வந்தேன்."

"மகளுக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு இங்க என்னவே வேல? போம்."

"போறேன். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்." என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. நின்றுகொண்டே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். "அந்த நாப்பது நிமிசத்த அழிச்சது நான்தான். ஆனா அதை முழுசாப் பாத்ததும் நான் ஒருத்தன்தான். பழைய மிஷினு. நின்னு நின்னு ஓடும். ஒவ்வொரு எடத்துலயும் தங்கச்சி அந்தரத்துல நிப்பாவ, நான் பாத்துக்கிட்டே இருக்கணும். வச்ச படம் எனக்கு மறந்துரும் மச்சான். வெட்டுனது மறக்காது."

சடையப்பனின் கையில் கம்பி நின்றது. முகம் திரும்பவில்லை.

மந்திரமூர்த்தி அங்கே கிடந்த ஒரு கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். "வாசல்ல குடத்தோட வாராவ. நான் வழியில நிக்கேன். 'தள்ளுங்கண்ணே, படம் புடிக்கது பெருசா, தண்ணி பெருசா'ன்னு ஒரு இடி இடிச்சிட்டுப் போறாவ. படம் கூரையப் பாத்துட்டு எறங்குது. பொறவு தீப்பெட்டி தேடுதாவ. எல்லாரையும் ஏசுதாவ, எவன் எடுத்தான் எவன் எடுத்தான்னு. தீப்பெட்டி அவிய கையிலதான் இருக்கு."

சடையப்பனின் முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிப்பா என்று தெரியவில்லை.

"ஐயரு ஓமத்துக்கு நெய் ஊத்துதாரு. புதுசா அடிச்ச பெயின்ட்டுல பொக படுதேன்னு மேல பாத்துக்கிட்டே நிக்காவ, எல்லாரும் கும்பிடுதாவ, அவிய கும்பிடல. பொறவு பால் பொங்குது. நான் பால்லதான் ஃபோகஸ் வச்சிருக்கேன். தங்கச்சி ஓரத்துல, மங்கலா. எல்லார் கண்ணும் பால்ல இருக்கு, அவிய பாலப் பாக்கல."

"யாரப் பாத்தா?"

"உங்களத்தான் மச்சான்."

"பொய் சொல்லாதேயும். சமாதானம் பண்ண வந்து பொய் சொல்லாதேயும்."

"மெஷின் அந்த எடத்துல நின்னு போச்சு. அஞ்சாறு நிமிசம் வளையம் சுத்துச்சு. அவ்வளவு நேரமும் உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தாவ. நீங்க மேளக்காரனுக்கு வெத்தில குடுத்துக்கிட்டு இருந்திய. கவனிக்கல."

தெருவில் வெயில் ஏறிவிட்டது. மண்டபத்திலிருந்து உலகம்மாள் இரண்டு முறை போன் செய்தாள், மந்திரமூர்த்தி எடுக்கவில்லை. அவர் கால்கள் பெயின்ட் டப்பாவின் இரண்டு பக்கமும் அசையாமல் ஊன்றியிருந்தன. பேராச்சி பந்திக்கு ஓடியது, பரிமாறியது, யாரோ ஒரு பிள்ளையின் மூக்கை முந்தானையால் துடைத்தது, வாசலில் கலைந்து கிடந்த செருப்புகளைக் காலாலேயே ஜோடி சேர்த்துக்கொண்டு போனது, எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கடைசிக்கு வந்தார். "எல்லாரும் சாப்பிட்ட பொறவு பின்பக்கம் தனியா ஒக்காந்து சாப்பிடுதாவ. என்னப் பாத்துட்டு இலைய எடுத்து மொகத்த மறைச்சுக்கிட்டு சிரிக்காவ. இலைக்குப் பின்னால இருந்து என்னமோ சொல்லுதாவ."

சடையப்பன் இப்போது முழுவதுமாகத் திரும்பியிருந்தார். "என்ன சொன்னா?"

மந்திரமூர்த்தி வாயைத் திறந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நல்லதாக, ஒரு கணவன் சாகும்வரை வைத்துக்கொள்ளத் தக்கதாக ஒரு வாக்கியம். அவருடைய தொழிலே அப்படிப்பட்ட இடங்களை நிரப்புவதுதான்.

"கேக்கல மச்சான். மைக்குல மேளந்தான் விழுந்திருந்துச்சு."

சடையப்பன் கையிலிருந்த கம்பியை ஆணியில் மாட்டினார்.

"தெரியாதத தெரியாதுங்கீரு. அப்ப மத்ததெல்லாம் நெசந்தான்." எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு கடையின் ஷட்டரை இழுத்தார். "மாலை வாங்கி வச்சிருக்காளா, நான் வழியில வாங்கணுமா?"

"இருக்கு மச்சான்."

பின்னால் ஏறி உட்கார்ந்ததில் ஸ்கூட்டர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மேலத்தெரு நெடுக லேசுகள் பட்டு உடுத்தி, கும்பிட்ட கையோடு, மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹாரன் அடித்தாலும் விலகாத அவற்றின் ஊடாகவே வண்டி போனது, ஈரத்துணி முகத்தில் பட்டதுபோல ஒவ்வொரு முறையும் ஒரு குளிர்ச்சி வந்து விலகியது. பின்னாலிருந்து சடையப்பன் மந்திரமூர்த்தியின் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"மாப்ளே, மொதல்ல இருந்து சொல்லும். ஆடுனது, மங்குனது எதையும் விடாதேயும்."

மந்திரமூர்த்தி வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"மொதல்ல வெறும் வாசல்தான் தெரியுது மச்சான். ஆளு இன்னும் வரல. வளையல் சத்தம் மட்டும் கேக்குது."